சட்டையைக் கழற்றாத மனிதருடன் ஒரு நாள்

என் கணவருக்குச் சரித்திரத்தில் ஆர்வம் கிடையாது. நாகர்கோவிலில் முப்பது வருடம் குடியிருந்தும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு இரண்டே முறைதான் போயிருக்கிறார். இரண்டும் விருந்தாளிகளுக்காக, இரண்டும் இருபது நிமிடம். அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே அரண்மனையின் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய ஊறுகாய்ப் பரணிகளின் முன் நின்று, இதில் போட்டது மாங்காயா நார்த்தங்காயா என்று விளக்கம் சொல்கிற அம்மாவைக் குடைந்துகொண்டிருந்தார். காரணம் எனக்குத் தெரியும். எப்படியாவது மணி பன்னிரண்டு ஆகவேண்டும் அவருக்கு.

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில், முதல் விருந்துக்கு வந்தபோது என் அப்பா அவர் கழுத்தில் ஒரு சங்கிலி போட்டார். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றாத அந்தச் சங்கிலியை, இந்தப் பயணத்துக்குப் பதினைந்து நாள் முன்னால், துணி துவைக்கும் மெஷினின் வடிகட்டியிலிருந்து நான் எடுத்தேன். கொக்கி அறுந்து பனியனோடு போயிருக்கிறது. அவராக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சட்டையின் மேல் பொத்தானைப் போட ஆரம்பித்தார். வீட்டுக்குள் கழுத்தைச் சுற்றித் துவர்த்து, அதாவது எங்கள் ஊர்த் துண்டு. கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துக்கொண்டிருந்தவரிடம் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால், பேனா என்றார்.

எனக்குக் கோபம் ஒரு பக்கம், வேடிக்கை ஒரு பக்கம். கட்டின பெண்டாட்டியிடம் சொல்ல முடியாத அளவுக்கு நான் என்ன பேயா பிசாசா? அவர் வாயாலேயே வரவழைக்கிறேன் என்று முடிவு கட்டினேன். ஆசாரியிடம் கொடுத்துப் புதுக் கொக்கி வைத்து, சங்கிலியை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு, ஒரு நாள் ஊர் சுற்றிப் பார்ப்போமே என்றேன். முதலில் அரண்மனை, பன்னிரண்டு மணிக்கு நடை அடைப்பதற்குள் திருவட்டாறு பெருமாள் கோயில், அப்புறம் இரணியல், சாயங்காலம் தேங்காய்ப்பட்டணம் கடற்கரை.

திருவட்டாறு என்றதும் அவர் முகம் சுருங்கியது. அந்தக் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையும் பனியனும் கழற்றி, வேட்டியோடுதான் போக முடியும். ஒரு வேட்டியும் துவர்த்தும் நான் மறக்காமல் எடுத்து வைத்தேன். மாற்றுச் சட்டை எடுத்து வைக்கவில்லை.

அரண்மனையில் வண்டியை நிறுத்தியதும் அவர் இறங்கி, பின்கதவிலிருந்த நீளமான கீறலைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு ஆட்டோக்காரர் உரசிவிட்டுப் போனார் என்பது அந்தக் கீறலைப் பற்றி எங்கள் வீட்டில் உள்ள வரலாறு. அன்று ஓட்டியது நான். ஆட்டோக்காரர்களை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு டிக்கெட் எடுக்கப் போனேன்.

உள்ளே போனதும் மனிதருக்குக் கல்வெட்டு ஆராய்ச்சியாளரின் ஆவி பிடித்துவிட்டது. கூரையில் செதுக்கியிருந்த பூக்களை எண்ணினார். பாதியில் கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினார். கறுப்புத் தரையில் குனிந்து தன் முகத்தைப் பார்த்தார். வெளியே வந்தபோது மணி பதினொன்றரை. இரணியல்தான் பக்கம், அதை முடித்துவிடுவோம் என்று வண்டியைத் திருப்பினார். அங்கே பழைய அரண்மனையில் வேலை நடந்துகொண்டிருந்தது, உள்ளே விடவில்லை. பூட்டிய கதவை அரை மணி நேரம் பார்த்தார். கதவு நல்ல கதவு என்றார்.

கோயில் நடை அடைத்திருப்பார்கள், பாவம், உனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்ட அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஐந்து மணிக்குத் திறப்பார்கள், கடற்கரையை விட்டுவிடுவோம் என்றேன். பிறகு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் குழம்பும் சொன்னார். அப்போதுதான் சூழ்ச்சி புரிந்தது. மீன் தின்றால் நான் கோயிலுக்கு வரமாட்டேன். அந்தக் குழம்பின் வாசனையை இன்றுவரை மறக்க முடியவில்லை. நான் ரசமும் பப்படமும் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் இரண்டு தட்டையும் காலி செய்தார்.

திருவட்டாறு வந்ததும் கோயில் படிகளுக்குக் கீழே நின்றுகொண்டார்.

“நான் மீனு தின்னாச்சுல்லா. நீ போயி கும்பிட்டுட்டு வா, நான் இங்ஙன நிக்கேன்.”

“ஆறு கிடக்குல்லா, ஒரு முங்கு முங்கிட்டு வாருங்க” என்று வேட்டியையும் துவர்த்தையும் நீட்டினேன்.

ஆற்றில் முங்கவும் சட்டையைக் கழற்ற வேண்டுமே. அவர் யோசித்தார். பிறகு வேட்டியை மாற்றிக்கொண்டு, முழுக்கைச் சட்டையோடு, மேல் பொத்தானும் போட்டபடி, ஆற்றில் இறங்கினார். துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சோப்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நான் மரத்துக்குப் பின்னால் போய்ச் சிரித்தேன்.

சொட்டச் சொட்டக் கோயில் வாசலுக்கு வந்தார். இனி வழி இல்லை. ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். வெறும் கழுத்து. கேட்பதற்காகத் தயார் செய்து வைத்திருந்த கேலி வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அவர் கண் நிறைந்திருந்தது.

“மாமா போட்ட சங்கிலியத் தொலச்சுட்டேன். ஆஸ்பத்திரில பேச்சு நின்ன பொறவும் அவிய கைய நீட்டி இதத்தான் தொட்டுப் பாத்தாவ. உங்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?”

அப்பா அதைத் தொட்டது எனக்குத் தெரியாது. நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரமாக இருக்கும். பதினைந்து நாளும் இந்த மனிதர் அதைச் சுமந்துகொண்டு கட்டிலுக்கு அடியில் தவழ்ந்திருக்கிறார், நான் அறை வாசலில் நின்று சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கண்ணாடிக் கூட்டைத் திறந்து நீட்டினேன்.

அவர் சங்கிலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு விரல் கொக்கியில் வந்து நின்றது.

“புதுக் கொக்கியாக்கும். எப்பம் கிட்டிச்சு?”

பெருமாள் வாசலில் பொய் சொல்லப் பயமாயிருந்தது. பதினைந்து நாளாயிற்று என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலை குனிந்து கழுத்தைக் காட்டினார், நான் மாட்டிவிட்டேன். உள்ளே போய், மூன்று வாசல் வழியாகப் படுத்திருக்கும் பெருமாளின் முகத்தையும் உந்தியையும் பாதத்தையும் பார்த்தோம். மூன்று வாசலிலும் நான் ஒரே மன்னிப்பைத்தான் கேட்டேன்.

திரும்பி வந்ததும் அவர் வண்டியில் ஏறவில்லை. ஈரச் சட்டையோடு பின்கதவுக்குப் போய், அந்தக் கீறலை நகத்தால் மெல்லச் சுரண்டி, விரலை என் முகத்துக்கு நேராகக் காட்டினார். நகத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

“நீயாட்டு சொல்லுவேன்னு மூணு மாசமா பாத்துக்கிட்டு இருக்கேன். நம்ம வீட்டு கேட்டு பச்சை, ஆட்டோ மஞ்சளாக்கும்.”