அப்பா கோழிப் பண்ணையை விட்டு வந்த காரணம்

அப்பாவைப் பற்றி இந்த நினைவு மலரில் நீதான் எழுத வேண்டும் என்று அம்மா சொன்னபோது, சரி என்று தலையாட்டிவிட்டு மூன்று மாதம் எழுதாமல் இருந்தேன். அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். வேலை அதிகம் என்று சாக்குச் சொன்னேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்பதே உண்மை. நல்ல குணங்களை மட்டும் வரிசையாக எழுதி, கீழே ‘அன்பு மகள்’ என்று போட்டு முடித்துவிடலாம் என்று ஒரு கட்டுரை எழுதியும் பார்த்தேன். படித்தபோது எனக்கே பொறுக்கவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்பா பிறந்தது ஆத்தூருக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். பாட்டனார் விட்டுப்போன கொஞ்ச நிலத்தில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டுவந்தார். கிணறு வற்றியதும் திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டி வந்தது. இரண்டு இடத்தில் துளை போட்டும் புகைதான் பறந்தது. மூன்றாவது இடத்தைக் காட்டியவரிடம் அப்பா, “போதுங்க, நிலத்துல இல்லாததை எத்தனை தடவ கேக்கறது?” என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் சந்தையில் ஒரு கம்பத்தில் ஒட்டியிருந்த தாளை அப்பா படித்துவிட்டு வந்தார். நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்குக் கணவன் மனைவி இருவரும் தேவை, தங்குவதற்கு வீடு உண்டு என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் தனியாளைச் சேர்ப்பதில்லை. ஆண் தீவனமும் கொட்டகையும் பார்க்க வேண்டும், பெண் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்க வேண்டும். இருவரும் பண்ணைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். ஆகவே அம்மாவும் கிளம்பினார். என்னைப் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். சொந்தக் காட்டில் விதைத்தவர் நாற்பது வயதுக்கு மேல் இன்னொருவர் கொட்டகையில் வேலை கற்றுக்கொள்ளப் போனார். அதற்காக அவர் புலம்பி நான் கேட்டதில்லை.

வேலையை அப்பா நன்றாகவே கற்றார். மாலையில் தீவனம் போட்டு முடித்ததும் கொட்டகை நடுவில் அசையாமல் சிறிது நேரம் நிற்பார். ஆயிரக்கணக்கான கோழிகள் கொக்கரிக்கும் சத்தத்துக்குள் எங்கோ ஒரு கோழி தும்முவது அவர் காதில் விழும். நேராக அந்தக் கூண்டுக்குப் போய் அதைத் தனியே எடுத்துவிடுவார். சித்திரை வெயிலில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சுவிடும்போது, கொட்டகைக் கூரைமேல் தண்ணீர் அடித்துக்கொண்டு உச்சிவேளை முழுவதும் வெளியிலேயே நிற்பார். மருத்துவர் வந்தால் முதலில் அப்பாவைத்தான் தேடுவார் என்று அம்மா பெருமையாகச் சொல்வார். பேச்சும் மாறிப்போனது. ஊர் விசேஷத்துக்கு வந்து “ஆமாங்க, நாளைக்கு வாரேனுங்க” என்று அப்பா சொன்னால், “நாமக்கல்காரர் வந்துட்டாருப்பா” என்று எல்லோரும் கேலி செய்வீர்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்தப் பண்ணையில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. குடியிருக்கும் யாரும் வீட்டில் நாட்டுக்கோழி, புறா, காடை எதுவும் வைத்திருக்கக் கூடாது. வெளியே சுற்றும் கோழியிடமிருந்து நோய் தொற்றினால் கொட்டகை கொட்டகையாகக் காலியாகிவிடும். வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. புதிதாக வரும் குடும்பங்களுக்கு இந்த விதிகளைச் சொல்லித்தருவதே அப்பாவின் பொறுப்பு. ஒருமுறை ஒரு குடும்பம் பெட்டைக்கோழி ஒன்றை ஒளித்துவைத்திருந்தது தெரிந்து அவர்களை அனுப்பிவிட்டார்கள். சாமான்களை வண்டியில் ஏற்றிக் கொடுத்தவர் அப்பாதான்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதிக்கு என்னைப் பார்க்க வரும்போது அப்பா குளித்து, சலவைச் சட்டை போட்டுத்தான் வருவார். அப்படியும் அவரிடம் கோழி வாடை அடிப்பதாக நினைத்துக்கொண்டு, தோழிகள் பார்ப்பதற்குள் அவரை வாசலோடு அனுப்பிவிடுவேன். திருச்செங்கோட்டில் கல்லூரியில் படித்தபோது, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் “கோழிப் பண்ணை மேனேஜர்” என்றேன். சொல்லிச் சொல்லி அது பழகிவிட்டது. அம்மாவுடன் பிறந்த மாமா வீட்டில்தான் என் நிச்சயம் நடந்தது. அங்கேயும் அப்படியே சொன்னேன். என் கணவருக்குச் சூரமங்கலத்தில் ரயில்வே வேலை. அவர் வீட்டார் முன்னால் நான் அதைச் சொன்னபோது அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். மறுக்கவில்லை.

தலை தீபாவளிக்குத்தான் என் கணவர் முதன்முறையாகப் பண்ணைக்கு வருவதாக இருந்தது. அவர் வேலை முடிந்து முந்தின நாள் மாலை வருவார். நான் அன்று காலையிலேயே கிளம்பிப் போனேன். மாப்பிள்ளைக்கு, முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக் கழிவுக் கோழியைக் குழம்பு வைத்துப் போட்டால் என் மாமியார் வீட்டில் தலைகாட்ட முடியாது என்ற எண்ணம் எனக்கு. வழியில் சந்தையில் ஒரு நாட்டுச்சேவல் வாங்கினேன். காலைக் கட்டி ஒயர் கூடையில் போட்டு, மேலே துணியை மூடி, வாசல் வழியாகப் போகாமல் பின்பக்கச் சோளக்காட்டு வழியாக வீட்டுக்குள் போய்விட்டேன். விதி எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். நன்றாகத் தெரியும்.

அப்பா அதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். “ஏஞ்சாமி, இதை எதுக்குக் கொண்டாந்தே? இப்பவே வெளிய கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்” என்று கூடையை எடுத்தார்.

நான் அழுதேன். “மாப்பிள்ளைக்கு ஒரு நாட்டுக்கோழி அடிச்சுப் போடக்கூட வக்கில்லையான்னு அவங்க வீட்டுல கேப்பாங்க. என் மானத்தை வாங்காதீங்கப்பா” என்றேன்.

அப்பா கூடையைக் கீழே வைத்தார். “செரி, அழுவாதே. இப்பவே அறுத்தா நாளைக்குக் கறி கெட்டுப்போகும், விடியறதுக்குள்ள அறுத்துப்போடறேன். இருட்டுல கெடந்தா கூவாது” என்று சொல்லி, குளியலறையில் சேவலைக் கூடையால் கவிழ்த்து மேலே சாக்கைப் போட்டு மூடினார்.

முட்டைக்கோழிப் பண்ணையில் சேவல் கிடையாது. அத்தனையும் பெட்டைகள். பதினோரு வருடத்தில் அங்கே ஒரு நாள்கூடச் சேவல் கூவியதில்லை. தீபாவளியன்று விடிவதற்கு முன்பே பக்கத்து ஊரில் வெடி வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் மிரண்ட சேவல், அப்பா கத்தியோடு குளியலறைக் கதவைத் திறப்பதற்குள் முழுக் குரலில் கூவிவிட்டது. ஒரு முறை அல்ல, நான்கு முறை.

ஊருக்குப் போய்விட்டார் என்று நான் நினைத்திருந்த மேனேஜர், உண்மையான மேனேஜர், ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிட்டார். உள்ளே என் கணவர் அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தார். அப்பா சேவலைக் கையில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய், மேனேஜரைத் தீவன அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு நடந்தார். நான் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றேன்.

“ஏனுங்க, புதுசா வாரவங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கறவரு நீங்க. உங்க ஊட்டுலயேவா?” என்றார் மேனேஜர். “யாரு கொண்டாந்தது?”

“நாந்தானுங்க. மாப்ள வந்திருக்கறாரு. தலை தீபாவளிங்க. புத்தி கெட்டுப் போயிட்டேனுங்க.”

“மொதலாளிகிட்ட நான் என்னத்தைச் சொல்றது?”

“நடந்ததைச் சொல்லுங்க. அன்னைக்கு அவங்களை அனுப்புனீங்க. எனக்கு மட்டும் வேற சட்டமுங்களா? ஒரே ஒரு ஒதவிங்க. நாளைக்குச் சாயங்காலம் புள்ளையும் மாப்ளையும் ஊருக்குப் போயிருவாங்க. அதுவரைக்கும் ஊட்டுப் பக்கம் வந்து ஒண்ணும் பேசிப்போடாதீங்க.”

நான் மூன்று எட்டு முன்னால் வைத்து, “நான்தான் கொண்டுவந்தேன்” என்று சொல்லியிருந்தால் போதும். பொறுப்பு தெரியாத பெண் செய்த வேலை என்று ஒருவேளை மன்னித்திருப்பார்கள். ஆனால் சத்தம் கேட்டு என் கணவர் வந்துவிட்டால் அப்பா மேனேஜர் இல்லை என்று தெரிந்துவிடுமே என்றுதான் எனக்கு அந்த நேரத்தில் பயம். வந்த வழியே திரும்பிப் போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்தேன். அப்பா சேவலை வெளியே யாருக்கோ கொடுத்துவிட்டு, சைக்கிளில் போய் ஆட்டுக்கறி வாங்கிவந்தார். “மாப்ளைக்கு இன்னொரு கரண்டி ஊத்து” என்று பக்கத்தில் நின்று பரிமாறினார். நானும் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்தார்கள். “இங்க வேலை கனமா இருக்குது, தோப்புப் பக்கம் போறோம்” என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். திருச்செங்கோட்டுக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில் மறுபடியும் கணவனும் மனைவியுமாகக் காவலுக்குப் போனார்கள். ஐம்பது கடந்த வயதில் மட்டை பொறுக்கவும் பாத்தி வெட்டவும் முதலிலிருந்து தொடங்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அம்மா மட்டும் சில காலம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதுவே நியாயம்.

இதற்கிடையில் மாமா, இடம் மாறியது தெரியாமல் பண்ணைக்கு அப்பாவைப் பார்க்கப் போயிருக்கிறார். வாசலில் இருந்தவர், “தப்புப் பண்ணிட்டாருங்க, அனுப்பிட்டாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். முட்டைப் பண்ணையில் என்ன தப்பு நடக்கும் என்று மாமா தாமே முடிவு செய்துகொண்டார். அடுத்து வந்த காதுகுத்து விருந்தில் பிரியாணி பரிமாறும்போது, “மச்சான் எலைக்கு முட்டைய எண்ணி வைங்கப்பா” என்று அவர் சொல்ல, பந்தியே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் எதிர்ப் பந்தியில் என் கணவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்பா கை கழுவ எழுந்தபோது அந்த முட்டை இலையில் அப்படியே இருந்தது. அதன்பின் எந்த விசேஷத்திலும் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை. “தோப்புல தண்ணி திருப்போணும்” என்று சொல்லி மொய் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, “உங்கப்பா மேனேஜரான்னு நான் என்னைக்காவது உன்னைக் கேட்டேனா?” என்றார். கேட்டதே இல்லை.

அப்பா ஒரு முட்டைகூட எடுத்தவர் அல்ல. மருந்துத் தொட்டியில் காலை நனைக்காமல் கொட்டகைக்குள் நுழைந்தவரும் அல்ல. சேவலைக் கொண்டுபோனவள் நான். அவர் பெயருக்கு வந்த கெடுதல் என்னால் வந்தது. இதைப் படிப்பவர்கள் நினைவு நாளான இன்று வராத உறவினர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் சிறுநீரகம் பழுதானபோது தோப்பிலிருந்து சேலம் மருத்துவமனைக்குத் தம் காரிலேயே அழைத்துவந்த தோப்பு உரிமையாளருக்கும், இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், இறுதிச் சடங்குக்கு ஆத்தூரிலிருந்து திரண்டுவந்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவைத் தம் தாயைப்போல் வைத்துக்கொண்டிருக்கும் என் கணவருக்கு நான் நன்றி சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் மேலாக மாமாவுக்கு நன்றி. ரத்தம் கொடுத்தவர் அவர், வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தவரும் அவர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. தெரியாமல் பேசினார். தெரிந்தும் பேசாமல் இருந்தவள் நான்.

அந்த மருத்துவமனையில் ஒரு மதியம் அப்பா என்னை அருகில் கூப்பிட்டார். “சாமி, நான் முட்டை எடுத்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறாங்க. எனக்கு அது ஒண்ணுதான் மனசுல கெடக்குது. உங்கூட்டுக்காரரு மனசு கோணாத மாதிரி, நீ ஒருநாளைக்குச் சொல்லிப்போடு” என்றார். “சொல்றேம்ப்பா” என்றேன். வெளியே வந்தபோது மாமா கதவருகிலேயே நின்றிருந்தார். “என்னா சொல்றாரு?” என்று கேட்டார். “கஞ்சி கேக்கறாரு” என்றேன். அதற்குப் பிறகு அப்பா ஒன்பது நாள் நல்ல நினைவோடு இருந்தார். ஒவ்வொரு நாள் காலையும் நான் உள்ளே நுழையும்போது என் முகத்தைப் பார்த்தார். சொல்லிவிட்டாயா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.