ஆகஸ்ட் ஒன்றும் ஆவணி ஒன்றும்

1. புகை எண்ணியவன்

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு மாற்றலாகி வந்து, புது நாற்காலி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த முதல் நாளே ஒரு தலைமையாசிரியை வந்து நின்றார். பெயர் ஆரோக்கியமேரி. கச்சிராயபாளையம் ரோட்டில் வயலைப் பிளாட் போட்டு விற்றிருந்தார்கள். அந்த இடத்துக்கு ஒரு சாமி பெயரும், பின்னால் ‘நகர்’ என்பதும் உண்டு. நாங்கள் வெறும் நகர் என்றே சொல்வோம். அதை ஒட்டியிருக்கும் தொடக்கப் பள்ளி அவருடையது.

“சார், எனக்கு மூணாவது டீச்சர் வேணும்.”

வட்டாரக் கல்வி அலுவலர் என்றால் வரம் கொடுக்கிற சாமி என்று பலருக்கு நினைப்பு. நான் வெறும் பூசாரி. வரத்துக்கு விதி உண்டு. ஆகஸ்ட் முதல் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ, அதை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கு ஆசிரியர். அறுபது வரைக்கும் இரண்டு பேர். அறுபதைத் தாண்டினால் மூன்றாவது ஆள்.

“போன வருஷமும் அந்தத் தேதில கம்மிதான் சார். ஆவணி பொறந்துச்சு பாருங்க, ஒவ்வொரு வூடா குடிவந்து, பசங்கள இட்டுக்கினு வாசல்ல நிக்கிறாங்க. அஞ்சு கிளாஸ், ரெண்டு டீச்சர். இந்தக் கைல ஒண்ணாவதுக்கு ‘அ’ எழுதிக்கினே அந்தப் பக்கம் நாலாவதுக்கு வாய்ப்பாடு சொன்னேன். ஒரு பையன் ரெண்டையும் ஒண்ணா சேத்து மனப்பாடம் பண்ணிட்டான் சார்.”

“கவலைய வுடுங்கம்மா. நானே நேர்ல வந்து கணக்கெடுக்கறேன்” என்றேன். மலையில் எனக்குக் கணக்கெடுப்புப் புலி என்று பெயர். வைத்தது நானேதான்.

அங்கே மலையில், வெள்ளிமலைப் பக்கம், எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் மேட்டில் ஏறி நிற்போம். எந்தக் கூரையில் அடுப்புப் புகை எழுகிறதோ அங்கே குடும்பம் இருக்கிறது. புகை இல்லையென்றால் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள், அந்தப் பிள்ளையைப் பள்ளியில் எதிர்பார்க்க வேண்டாம்.

அதே திறமையோடு, மறுநாள் காலையில் நகரின் தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதி வரை ஏறிப் பார்த்தேன். ஒரு கீற்றுப் புகைகூட இல்லை.

“என்னம்மா, ஒருத்தருமே குடியில்லையே!”

கீழே நின்றிருந்த ஆரோக்கியமேரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். “சார், மொதல்ல எறங்குங்க. இங்க எல்லாம் சிலிண்டர்.”

புலி இறங்கியது.

2. பால்

குடியிருந்த வீடுகளின் பிள்ளைகள் ஏற்கெனவே பள்ளியில்தான் இருந்தார்கள். மீதி வீடுகள் முடிகிற நிலையில் பூட்டிக் கிடந்தன. ஒரு வீட்டில் மட்டும் தனலட்சுமி என்பவர் தரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பம். பிள்ளைகள் இரண்டு பேர், ஊர்ப் பள்ளியில் படிக்கிறார்கள்.

“எப்பம்மா குடிவரீங்க?”

“ஆவணில சார்.”

“இப்ப ஆனிதானே? இப்பவே வந்துடுங்களேன்.”

“இன்னா சார் பேசறீங்க? பெயிண்டு அடிக்கல, ஜன்னலுக்குக் கதவு வெக்கல. இத முடிக்கறதுக்குள்ள ஆடி பொறந்துடும். ஆடில குடிபோனா எங்க மாமியா என்னிய இந்த வூட்டோட சேத்துக் கொளுத்திடும்.”

“அப்ப பசங்கள மட்டும் மொதல்ல சேத்துடுங்க.”

“டெய்லி ஊர்லேந்து யாரு இட்டாந்து வுடறது, நீங்களா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரசாங்கம் பிள்ளைகளை எண்ணுகிற ஆகஸ்ட் ஒன்று, ஒவ்வொரு வருஷமும் நட்டநடு ஆடியில் வந்து விழுகிறது. புது வீட்டுக்கு ஒருத்தரும் அடியெடுத்து வைக்காத மாதம் பார்த்து, புது வீட்டுப் பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறோம்!

ஆரோக்கியமேரி என் காதருகில் சொன்னார்: “எங்களுக்கு ஆடி கெடையாதுதான் சார். ஆனா எங்க வூட்டுக்காரரு ஆடில பைக் கூட எடுக்கல.”

நான் தனலட்சுமியிடம் திரும்பினேன். “ஒண்ணு பண்ணுங்க. ஆனி முகூர்த்தத்துல பால மட்டும் காய்ச்சிட்டுக் குடிவந்துடுங்க. பெயிண்டு, விருந்து எல்லாம் ஆவணில வெச்சிக்கலாம்.”

“ஆளே வராம பால் காய்ச்சினா அது ஒரு விசேஷமா சார்?”

“நான் வரேன்.”

வாய் சும்மா இருக்கவில்லை. ஆபீசரே வருகிறார் என்று தனலட்சுமி பக்கத்து பிளாட்டுக்காரர்களுக்குப் போன் போட, அவர்களும் “எங்க வூட்டுக்கும் வரணும்” என்றார்கள். ஆனியின் கடைசி முகூர்த்தத்தன்று, ஜன்னல் இல்லாத வீடுகளில் காற்று அடுப்பை அணைக்க அணைக்க, வீடு வீடாகப் பால் குடித்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி.

“அரை டம்ளர் போதும்மா.”

“மொத மொத ஊத்தறோம், கொறயா குடிக்கலாமா சார்?”

இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்கள். வீட்டில் மாத்திரையை நீட்டிய என் மனைவி, “அந்தப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வர்றதுக்குள்ள உங்களுக்கு இன்சுலின் வந்துடும்” என்றாள்.

3. மறுபடியும் ஏணி

ஜூலை கடைசி நாள் ஆரோக்கியமேரி போன் செய்தார்.

“சார், அறுபது.”

“சபாஷ்!”

“தாண்டணும் சார்.”

அத்தனை பால் குடித்தும் ஒரு பிள்ளை குறைந்து நின்றுவிட்டது. மறுநாள் காலை, பிரேயருக்கு முன்பே ஆரோக்கியமேரியோடு நகருக்குப் போய் நின்றேன். எந்தக் கதவைத் தட்டுவது? கால் தானாக அந்த ஏணிக்குப் போனது.

“மறுபடியும் எதுக்கு சார் ஏறறீங்க?” என்று கீழேயிருந்து ஆரோக்கியமேரி கத்தினார்.

“எல்லாம் சிலிண்டர்னு சொன்னீங்களே, அது இன்னாம்மா?”

கடைசித் தெருவில், பாதியில் நின்ற ஒரு கட்டடத்துக்குப் பின்னாலிருந்து மெல்லியதாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.

இருவரும் ஓடினோம். மூன்று கல் வைத்த அடுப்பு, தகரக் கொட்டகை. வெள்ளிமலையிலிருந்து கட்டட வேலைக்கு இறங்கிய வெள்ளையனும் மனைவியும் அங்கேயே காவலுக்குத் தங்கியிருந்தார்கள். ஆடி பிறந்த பிறகு வந்தவர்கள். நல்ல நாள் பார்த்து வர, வேலை அவர்களுக்காகக் காத்திருக்காது. மணல் குவியல்மேல் அவர்கள் மகள் பூங்கொடி உட்கார்ந்திருந்தாள். மேலே இரண்டாம் வகுப்பு; கீழே வந்ததிலிருந்து மணல்தான்.

“பள்ளிக்கூடம் இதோ பக்கத்துல. சேத்துடலாமா?”

“கட்டடம் முடிஞ்சா நாங்க மேல போயிருவோங்க.”

“எப்ப முடியும்?”

“வூட்டுக்காரரு கைல காசு வரும்போதுங்க.”

“அப்ப பாப்பா பத்தாவதே முடிச்சிடும்” என்றார் ஆரோக்கியமேரி. வெள்ளையன் சிரித்துவிட்டார். பூங்கொடி அதற்குள் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள்.

கிளம்பும்போது அவள் அம்மா ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் கொடுத்தார். அந்த நகரிலேயே சர்க்கரை போடாமல் என்னை உபசரித்த ஒரே வீடு அது. முழுசாகக் குடித்தேன்.

மூன்றாவது டீச்சர் வந்தார். ஆவணியில் மீதிப் பிள்ளைகளும் வந்தார்கள். ஆரோக்கியமேரி ‘அ’வைத் தனியாகவும் வாய்ப்பாட்டைத் தனியாகவும் சொல்லிக்கொடுத்தார்.

இப்போது இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு, பணி ஓய்வு பெற்ற நான் சொல்வது இதுதான். புது நகரில் பிள்ளைகளைக் கணக்கெடுக்கப் போகும்போது வரைபடத்தோடு ஒரு பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டை எண்ணினால் பூட்டுதான் தெரியும். அடுப்பை எண்ணுங்கள், பிள்ளை தெரியும்.

சிலிண்டர் அடுப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.