வோல்ட்டன் ஹீத்: இரண்டு குதிரைகளும் ஒரு வீதியும்

சனிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குச் சட்டனில் இருந்து புறப்பட்டோம். எங்கள் வீட்டு வாசலில் இருந்து வோல்ட்டன் ஹீத் எட்டு மைல்தான். லண்டனின் தெற்கு விளிம்பு அங்கே முடிந்து, பற்றையும் புல்வெளியும் தொடங்குகின்றன. வழியில் லாயத்துக்குப் போய்க் குதிரையை ஏற்ற வேண்டியிருந்ததால் பயணம் பதினொரு மைலாக நீண்டது. குதிரையை ஏற்றும் இழுவை வண்டிக்கு இரண்டு நாள் வாடகை அறுபத்தைந்து பவுண். அதைக் காரின் பின்னால் கொழுவி என் மகள் தாரணி ஓட்டினாள். நான் பக்கத்தில் இருந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பின்னால் நானூற்றைம்பது கிலோ உயிர் வருகிறது என்ற நினைப்பில் முன்னால் பார்க்க மனம் வரவில்லை.

எனக்கு எழுபத்தேழு வயது. யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்திலும், பிறகு தென் லண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்திலும் வேலை செய்தவன். குதிரையோடு எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. கூடாரத்தில் படுக்கும் ஆசையும் இல்லை. நான் போனது ஒரு காரணத்துக்காக.

தாரணி மருந்தாளர், நாற்பத்திநாலு வயதுக்காரி. பிஸ்கற் என்ற இந்த மண்ணிறக் குதிரையை ஆறு மாதமாக இரவலுக்கு ஓட்டுகிறாள். அதன் சொந்தக்காரி ஸ்கொட்லாந்துக்குக் குடிபோகிறார். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் தாரணி வாங்குவதாகச் சொன்னால் பிஸ்கற் அவளுடையது. இல்லையென்றால் திங்கட்கிழமை ஒரு குதிரை வியாபாரி வந்து கொண்டுபோய்விடுவார். தாரணி வீட்டாருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்: வாகனம் ஓடும் வீதியைப் பயமில்லாமல் கடந்தால்தான் வாங்குவேன் என்று. லாயத்தில் இருந்து எந்தப் பாதைக்குப் போவதென்றாலும் ஒரு வீதியைக் கடக்கத்தான் வேண்டும். மாசி மாதம் வேறொரு குதிரையில் இருந்து விழுந்து அவள் காறை எலும்பை முறித்தவள். ஆகவே என் மனைவி காலையில் சோற்றுப் பார்சலைத் தந்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார், "நேரில பாத்து, வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ."

லாயத்தில் பிஸ்கற்றை அளந்து பார்த்தேன். இங்கே குதிரையைக் கைக் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கை நாலு அங்குலம். தோளுயரம் பதினாலு கையும் இரண்டு அங்குலமும், அதாவது நாலடி பத்து அங்குலம். வண்டியின் சாய்பலகையில் ஏற்றும்போது, உதவியாக இருக்கட்டும் என்று நான் முன்கதவால் தலையை நீட்டி, "வாஆ, வாஆ" என்று அழைத்தேன். குதிரை பலகையின் பாதியில் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் அசையவில்லை. முதலாவது தடங்கல் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு முகாம் பண்ணை. ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு பவுண், குதிரைக்குப் பதினைந்து. கூடாரமும் வேண்டாம் குளியலறையும் வேண்டாம் என்கிற பிராணிக்கு ஏன் மூன்று பவுண் கூட என்று வாசலில் இருந்த பண்ணைக்காரரிடம் கேட்டேன். "நீங்கள் என் புல்லைத் தின்னமாட்டீர்கள் அல்லவா" என்றார். நியாயமான பதில்.

போகாதவர்களுக்காக இடத்தைச் சொல்கிறேன். மூன்று ஏக்கர் அளவான சரிவு. மேல் பக்கம் கூடாரங்கள், கீழ்ப் பக்கம் குதிரைகளுக்கான பட்டிகள். பட்டி என்றால் பிளாஸ்ரிக் கம்பங்களில் வெள்ளை நாடா கட்டி அதற்குள் மின்சாரம் விட்ட வேலி. அதற்கான மின்கலம் பல்லி சொல்வதுபோல டிக், டிக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு பட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று மீற்றர் விடவேண்டும், குதிரைகள் உதைத்துக்கொள்ளாமல். சாணியைக் காலையும் மாலையும் நாமே அள்ளவேண்டும். தெற்கே M25 நெடுஞ்சாலை இரைகிறது. கடல் என்று நினைத்துத் தூங்கலாம் என்றாள் தாரணி. எனக்குக் கடலும் பயம்.

தாரணியின் சிநேகிதி ரேவதி எங்களுக்கு முன்பே வந்து தன் கூடாரத்தை அடித்திருந்தார். கோயம்புத்தூர்க்காரி, வங்கி ஒன்றில் கணினி வேலை. மே என்ற கிழட்டு வெள்ளைப் பெண்குதிரை வைத்திருக்கிறார். அது எதற்கும் அசையாது.

"அங்கிள், நீங்களும் ரைடிங் வர்றீங்களா?" என்று கேட்டார்.

"நான் சாட்சிக்கு வந்தனான்" என்றேன்.

பின்னேரம் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். முதல் நாள் ஏறி ஓட்டுவதில்லை, இடத்தைப் பழக்குவதற்காகக் கயிற்றில் பிடித்து நடத்துவது. இரண்டு மைல் சுற்று. ரேவதி மேயுடன் முன்னே போனார். தாரணி பிஸ்கற்றுடன் நடுவில். நான் ஒருபோதும் பின்னால் நிற்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். குதிரையின் பின்பக்கம் எவ்வளவு தூரம் உதைக்கும் என்பதற்கு எந்த அளவையும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே முன்னால் ஓடி ஓடி ஒவ்வொரு இடத்திலும் நின்று பார்த்தேன். முகாம் வாசலில் படலையைத் திறந்து பிடித்தேன். குதிரை நின்றது. வாய்க்காலின் மரப் பலகையை நானே மிதித்துக் காட்டிக் கூப்பிட்டேன். அங்கும் நின்றது. மஞ்சள் பூத்த முட்பற்றை, இரண்டாவது படலை, தண்ணீர்க் குழாயடி என்று நான் போய் நின்று கூப்பிட்ட இடமெல்லாம் அதுவும் நின்றது. தாரணியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"லாயத்தில இவன் இப்பிடி இல்லையப்பா."

"லாயத்தில வாகனம் இல்லைத்தானே பிள்ளை."

பிறகு வீதி. ஹீத்தை நடுவே வெட்டிக்கொண்டு போகிறது. வாகனங்கள் ஐம்பது மைல் வேகத்தில் பறக்கின்றன. அகலம் என் காலடியில் ஒன்பது. இடது பக்கம் ஒரு வளைவு இருப்பதால் அந்தப் பக்கம் நூறு யார் தூரத்துக்கு மேல் தெரியாது. ரேவதி மேயுடன் கடந்து போனார். நானும் கடந்து எதிர்க்கரையில் நின்றேன். இரண்டு பக்கமும் வெறுமை.

"வா பிள்ளை! வாஆ! கெதியா வா!"

தாரணி இறங்கினாள். பிஸ்கற்றும் இறங்கியது. மூன்று அடி, நாலு அடி. வெள்ளைக் கோட்டில் நின்றது. தாரணி கயிற்றை இழுத்தாள். கழுத்துத்தான் நீண்டது, கால் அசையவில்லை. நான் கையை வீசி, "வாஆ! வாஆ! வாஆ!" என்று கத்தினேன். காது இரண்டும் என் பக்கம் திரும்பின. நாலு கால்களும் தாரில் நட்டவை போல நின்றன. வளைவில் இருந்து ஒரு வெள்ளை வான் வந்து, டயர் கிறீச்சிட்டு நின்றது. ஹோர்ன் அடித்தான். நான் கூப்பிடுவதை விட்டேன். அப்போதுதான் பிஸ்கற் ஒன்றும் நடக்காததுபோல நடந்து கரைக்கு வந்தது. வான்காரன் கண்ணாடியை இறக்கிச் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

திரும்பும்போது, வாகனமே இல்லாத இடைவெளி ஒன்று பார்த்து, மேயின் வாலோடு ஒட்டிக் கடந்தோம். 

நாலரைக்கு முகாமில் தேநீர். தாரணி கோப்பையைத் தொடவில்லை.

"நான் சொந்தக்காரிக்குப் போன் எடுத்துச் சொல்லப்போறன். ஏலாது எண்டு."

நான் எதற்காக வந்தேனோ அது நடந்துவிட்டது. நிம்மதி வந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. அதை உறுதிப்படுத்துவதுபோல, விரலை மடக்கி எண்ணிக் காட்டினேன். "ஏழு தரம் நிண்டவன் பிள்ளை. வண்டிப் பலகையில ஒண்டு, படலையில ஒண்டு, வாய்க்கால், பத்தை, ரெண்டாவது படலை, தண்ணிப் பைப்படி, வீதி. ஏழு."

ரேவதி பிஸ்கற் தின்றுகொண்டிருந்தார், குதிரையை அல்ல. நிறுத்தினார்.

"அங்கிள், அந்த ஏழு தடவையும் நீங்க எங்க நின்னீங்க?"

"முன்னால."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"என்ன செய்யிறது? வா எண்டு கூப்பிட்டனான்."

ரேவதி தாரணியைப் பார்த்தார். தாரணி கோப்பையைப் புல்லில் வைத்தாள். குதிரைக்காரர்கள் இங்கே குதிரையை நிறுத்துவதற்கு 'வோஓ' என்று தாழ்ந்த குரலில் இழுத்துச் சொல்வார்கள். பிஸ்கற்றுக்கு அதைத்தான் குட்டியில் இருந்து பழக்கியிருக்கிறார்கள். எனக்கு அது அன்றுவரை தெரியாது.

"அதுக்கு அர்த்தம் தெரியாது அங்கிள். நீங்க இழுக்கிற இழுப்புத்தான் தெரியும்" என்றார் ரேவதி. "நடுரோட்ல நின்னு நில்லு நில்லுன்னு கத்தியிருக்கீங்க. அவன் சொன்ன பேச்சு கேட்டிருக்கான்."

நான் நம்பவில்லை. ரேவதி பிஸ்கற்றைப் பட்டியில் இருந்து வெளியே கொண்டுவந்து புல்லில் நடத்தினார். "கூப்பிடுங்க." கூப்பிட்டேன். நின்றது. மறுபடி நடத்தினார். கூப்பிட்டேன். நின்றது. மூன்றாம் தரம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் கைதட்டினார்கள். ரேவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தாரணி சிரிக்கவில்லை.

"அப்பா, என்னை நடுவீதியில நிப்பாட்டினது நீங்கள்."

"நான் வா எண்டுதானே சொன்னனான்."

"ஓம். அதுதான்."

தாரணி பிஸ்கற்றைத் திரும்பப் பட்டிக்குள் விட்டாள்.  பிறகு சொன்னாள், "நாளைக்குக் காலமை ஏறிக்கொண்டு கடக்கப்போறன். அப்பதான் தெரியும். நீங்கள் இஞ்ச கூடாரத்தில இருங்கோ."

"இஞ்ச இருந்தா யோசிச்சே செத்துப்போவன்."

"அப்ப வாயைத் திறக்கக்கூடாது."

"'கமான்' சொல்லுங்க அங்கிள்" என்றார் ரேவதி.

"நாயையே கூப்பிடுறன்?"

ஞாயிறு. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இரவே முடிந்துவிட்டதால் காலையில் பாண் ரொட்டி மட்டும். தலைக்கவசம், பளபளக்கும் மஞ்சள் மேலாடை, சேணத்தின் வார்கள் எல்லாவற்றையும் தாரணி இரண்டு தரம் பார்த்தாள். நான் மூன்றாம் தரம் பார்த்தேன். எட்டரைக்கு அவர்கள் ஏறினார்கள். நான் குறுக்குப் பாதையால் நடந்து வீதிக்கு முதலே போய்விட்டேன். இம்முறை எதிர்க்கரைக்குப் போகவில்லை. இந்தக் கரையிலேயே, வளைவின் முனையில் நின்றேன். அங்கிருந்து இடது பக்கம் முந்நூறு யார் தூரம் தெரியும். கடக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு அது தெரியாது.

ரேவதி கடந்தார். மே அக்கரையில் நின்று வாலை ஆட்டியது. தாரணி இரண்டு பக்கமும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினேன். என் பக்கமும் வெறுமைதான். பிஸ்கற் தாரில் கால் வைத்தது.

அப்போது சாரக்கட்டு இரும்புக் குழாய்கள் ஏற்றிய லொறி ஒன்று தூரத்து மேட்டில் தலை காட்டியது. வேகமாக வந்தது. குழாய்கள் ஒன்றோடொன்று அடிபட்டு எழும் சத்தம் எனக்குக் கேட்டது. பிஸ்கற் அப்போது மூன்று அடி உள்ளே போய்விட்டது. திரும்பவும் நேரமில்லை, நிற்கவும் இடமில்லை. அவள் விரைய வேண்டும்.

வாய் தானாகத் திறந்தது. தொண்டையில் வந்து நின்ற முதற்சொல் 'வாகனம்'. அதை விழுங்கினேன். அடுத்தது 'வாறான்'. அதையும் விழுங்கினேன். அதற்கடுத்தது வெறும் 'வா'. எழுபத்தேழு வருடமாகப் பேசிய மொழியில் ஆபத்து என்றால் எல்லாம் வாவன்னாவில்தான் தொடங்குகிறது என்று அந்தக் கணத்தில் தெரிந்துகொண்டேன். 'ஓடு' என்று கத்தலாம். அதன் ஓகாரமும் அவர்களுடைய 'வோ'வைப் போலத்தான் கேட்கும்.

"கெதி!" என்று கத்தினேன். "கெதி! கெதி! கெதி!"

இழுக்கவில்லை, வெட்டி வெட்டிச் சொன்னேன். தாரணி குதிக்காலால் தட்டினாள். பிஸ்கற் ஒருதரம் தலையை எறிந்தது. பிறகு துள்ளு நடையில் வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. குளம்பு தாரில் தடதடத்து, புல்லில் ஏறி ஓசை அடங்கியது. எனக்குப் பக்கத்தால் லொறி இரும்பும் காற்றுமாகக் கடந்து போனது. அந்த இரைச்சலில் பிஸ்கற் ஓடும், தாரணி விழுவாள் என்று கண்ணை மூடினேன்.

திறந்தபோது இரண்டு குதிரைகளும் அக்கரையில் நின்றன. பிஸ்கற் மூக்கால் சீறிக்கொண்டிருந்தது. தாரணி அதன் கழுத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கரையில் நான் தனியாக நின்றேன். 

"அப்பா, வாங்கோ!" என்று தாரணி கூப்பிட்டாள். "வாங்கோ, ஒண்டும் இல்லை, வாங்கோ!"

அவளுக்குக் கீழே பிஸ்கற் சிலைபோல நின்றது. ஒரு காலைக்கூடத் தூக்கவில்லை. நான் இரண்டு பக்கமும் பார்த்து, இன்னொருதரம் பார்த்து, நடந்தேன். அந்த ஒன்பது காலடி எனக்குப் பதினான்கு காலடியாயிற்று. பக்கத்தில் போனதும் முதல்முறையாக அதன் கழுத்தைத் தொட்டேன். வியர்த்திருந்தது. என் கையும்தான்.

 தாரணி கீழே குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஆறு மணி மட்டும் ஏன் பாக்கிறாய்?" என்றேன். "இப்பவே போன் எடன்."

"நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லத்தானே வந்தனீங்கள்?"

"ஓம். இப்பவும் வேண்டாமெண்டுதான் நினைக்கிறன். எடு."

அவள் சேணத்தில் இருந்தபடியே எடுத்தாள். ரேவதி மேயைத் திருப்பிக்கொண்டு தூரப் போய் நின்றார், நாங்கள் மூக்கு உறிஞ்சுவதைப் பார்க்காமல் இருக்க.

மத்தியானம் வேலியைச் சுருட்டி, சாணியை நாலு தள்ளுவண்டி அள்ளிக் கொட்டிவிட்டுக் கிளம்பினோம். வண்டியில் ஏற்றும்போது நான் தூரத்தில், வேலிக் கம்பங்களைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிஸ்கற் ஒரே மூச்சில் ஏறியது. அதை லாயத்தில் விட்டுவிட்டுச் சட்டனுக்கு வந்ததும் கடைத்தெருவில் பேருந்தும் காரும் இடித்துக்கொண்டு நின்றன. அங்கே ஹீத்தில் ஒரு வீதிதான், இங்கே எங்கள் வீட்டுக்குப் போவதற்குள் பதினாறு சந்தி. ஒவ்வொன்றிலும் நான் பிரேக் இருக்கும் இடத்தில் காலை ஊன்றினேன். என் பக்கம் பிரேக் இல்லை.

மனைவி கதவைத் திறந்தவுடன் மகளுக்குக் கேட்காமல் கேட்டார், "என்ன, வேண்டாமெண்டு சொன்னனீங்களோ?"

"சொன்னனான்."

"கேட்டவளோ?"

"அவள் கேட்டிருப்பாள். நான்தான் கேக்கேல்லை."