சனிக்கிழமைக் குண்டாட்டம்

என் தோப்பை அடகு வைத்து என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது கல். எனக்கு முதலில் அப்படித்தான் தெரிந்தது. கிருஷ்ணகிரியில் எங்கள் மாங்காய் மண்டி வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. ஆட்கள் அதிலிருந்து கறுப்பாக, பெரிய பெரிய பலகைக் கற்களாக இறக்கினார்கள். சுற்றி எங்கே பார்த்தாலும் கல்மலையாக இருக்கிற ஊருக்குப் பெங்களூரிலிருந்து விலை கொடுத்துக் கல் வாங்கி வருகிற மனிதரை நான் அதுவரை கண்டதில்லை.

"இன்னாங்க இது?" என்றேன்.

"பில்லியர்ட்ஸ் மேசை. கல்லு அடியில போவும். மேல பச்சைப் பனாத்துத் துணி போத்தினோம்னா லட்சுமி வந்து குந்திக்குவா."

"துட்டு ஏது?"

அவர் கல்லைத் தடவிப் பார்த்தாரே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. போன மாதம் கிணறு வெட்டக் கடன் என்று சொல்லித் தோப்புப் பத்திரத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் என் தாய் தன் பங்கிலிருந்து எனக்கென்று எழுதி வைத்த மாந்தோப்பு அது. மல்கோவா, செந்தூரா, பெங்களூரா எல்லாம் நன்றாகக் காய்க்கிற மரங்கள். அடுத்த ஆனி முடிவதற்குள் முதலும் வட்டியும் கட்டாவிட்டால் தோப்பு கடன் கொடுத்த ஈட்டுக்காரருக்குப் போய்விடும். இதையும் அவர் வாயிலிருந்து பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன். அன்று நான் போட்ட சத்தத்தில் லாரிக்காரன் கூலி வாங்க மறந்து கிளம்பிப் போய் மறுபடியும் வந்தான்.

அவருடைய கணக்கை இப்போது நினைத்தாலும் முழுப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் மண்டி வருஷத்தில் மூன்று மாதம்தான் ஓடும், மீதி நாளெல்லாம் எலி ஓடும். ஊருக்கு வெளியே அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஜினியர்கள், ஓவர்சியர்கள் என்று சட்டையை உள்ளே விட்டுக்கொண்ட ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்கியிருந்தார்கள். சாயங்காலமானால் அவர்களுக்குப் போக இடமில்லை. பெங்களூர் கண்டோன்மென்ட்டில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் நிற்க இடமில்லாமல் கூட்டம் முண்டியடிப்பதை இவர் கண்ணால் பார்த்திருந்தார். வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குப் போகிற அவசரத்தில் மேசையைக் கிடைத்த விலைக்கு விட்டுவிட்டுப் போயிருந்தான். ஆட்டத்துக்கு நாலணா, நாளுக்கு இத்தனை ஆட்டம் என்று சுவரில் கரியால் எழுதிக் கூட்டிக் காட்டினார். அந்தச் சுவரைப் பார்த்தால் நாங்கள் அடுத்த வருஷம் அணையையே விலைக்கு வாங்கிவிடலாம் போலிருந்தது.

இன்ஜினியர்கள் வந்தார்கள். முதல் மாதம் மேசை போட்ட மண்டிக் கூடம் களைகட்டியது. கல்லின் மேல் போர்த்திய பனாத்து புது நாற்றாங்கால் மாதிரி பளிச்சென்று இருந்தது. சிவப்பு ஒன்று, வெள்ளை இரண்டு என்று மூன்றே குண்டுகள். அவற்றைக் கோலால் தள்ளி மூலைப் பைகளில் விழ வைப்பதற்குப் படித்த மனிதர்கள் மேசைமேல் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்தார்கள். ஊரில் அதற்குக் குண்டாட்டம் என்று பேர் வைத்துவிட்டார்கள். நான் மண்டியின் பின்பக்க ஜன்னலோரம் அடுப்பு வைத்து டீயும் போண்டாவும் போட்டேன்.

ஒருநாள் ஓவர்சியர் ஒருவர் ஆட்டம் முடிந்து என் வீட்டுக்காரரிடம் மெல்ல, "வேற ஒண்ணும் கிடைக்காதா?" என்று கேட்டார். "போண்டா சூடா இருக்குதுங்க" என்றார் இவர். கூடவிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எங்கள் பக்கம் மதுவிலக்கு. ஓசூரைத் தாண்டிவிட்டால் மைசூர் ராஜ்யம், அங்கே கடை திறந்திருக்கும். விடுமுறை நாளில் ஜீப்பை எடுத்தால் குடியும் குண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது வெறும் குண்டுக்காக எங்கள் மண்டிக்கு யார் வருவார்கள்? பெங்களூர்க்காரனுக்குச் சோறு போட்டது மேசையில்லை, சீசா. இந்தச் சின்ன விஷயத்தை ஒரு வளர்ந்த ஆண்பிள்ளை கவனிக்காமல் என் தோப்பைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாரே என்று அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஆடியவர்கள் எங்கள் சொந்தக்காரப் பையன்கள். பொழுது விடிந்தால் வந்துவிடுவார்கள். ஆடி முடித்ததும் "எழுதிக்கோ சித்தப்பா" என்று சொல்லிவிட்டு என் போண்டாவையும் தின்றுவிட்டுப் போவார்கள். சித்தப்பா எழுதிக்கொண்டே இருந்தார்.

அணையில் சனிக்கிழமைதான் கூலிப் பட்டுவாடா. கூலி வாங்கிய கையோடு சந்தைக்கு வருகிற கல்வேலை ஆட்கள் பின்பக்க ஜன்னலில் என்னிடம் போண்டா வாங்குவார்கள். எங்கள் நிலங்களில் தலைமுறையாக வேலை செய்துவந்த குடும்பத்து ஆட்கள்தான். அணை வந்த பிறகு வாராவாரம் கையில் ரொக்கம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர் ஒரு நெட்டையான மனிதர். போண்டாவைக் கடித்தபடி ஜன்னல் வழியாக மேசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"அம்மா, அந்தக் குண்டை நாங்களும் தள்ளிப் பாக்கலாமா? சும்மா இல்ல, துட்டு குடுத்துத்தான்" என்று ஒரு சனிக்கிழமை கேட்டார்.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மிரண்டுபோனார். "உனக்கு மண்டை கிண்டை கொழம்பிப் போச்சா? ஊரு இன்னா சொல்லும்?"

"அவங்க துட்டு குடுக்கறேங்கறாங்க. உங்க அண்ணன் மவன் குடுக்கறானா?"

பெரிய நியாயமெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தோப்பு தெரியும். அவரைப் பேசவிடாமல் பேசியே ஒத்துக்கொள்ள வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், பின்வாசல் வழியாக வரவேண்டும், சிவப்புக் கயிறு கட்டிய இரண்டு கோல்களைத்தான் தொடவேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டார். மேஸ்திரி கயிற்றைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், "ஆவட்டும் சாமி" என்றார்.

அந்தச் சனிக்கிழமைகளைப் போல எங்கள் மண்டி மாங்காய்க் காலத்தில்கூட இருந்ததில்லை. ஒருத்தர் தெலுங்கில் கத்துவார், ஒருத்தர் கன்னடத்தில் திட்டுவார், எல்லோரும் தமிழில் சிரிப்பார்கள். மேஸ்திரி படு மோசமாக ஆடுவார். அவர் தள்ளினால் குண்டு பையைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். ஆனாலும் காசை முன்னாலேயே மேசை விளிம்பில் வைத்துவிட்டுத்தான் கோலை எடுப்பார். கடன் என்ற பேச்சே இல்லை. இரண்டு மாதத்தில் வட்டி மொத்தமும் அடைந்தது. பிறகு முதலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினோம். இப்படியே போனால் ஆனிக்குள் தோப்பு மீண்டுவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. குண்டு மேசையில் லாபம் வருமா என்று யாராவது என்னை அப்போது கேட்டிருந்தால், வாரத்தில் ஒருநாள் வரும் என்று சொல்லியிருப்பேன்.

பொறுக்குமா? என் வீட்டுக்காரரின் பெரியப்பா ஒருநாள் கைத்தடியோடு வந்து மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"கோலு வேறங்கற. சரி. குண்டு?"

இவர் ஒரு குண்டை எடுத்துத் துண்டால் துடைத்தார்.

"சனிக்கெழமை அவனுங்க தொட்ட குண்டைத்தானே நாயித்துக்கெழமை நம்ம புள்ளைங்க தொடறானுங்க? இதுக்கு ஒரு வழி பண்ணு. இல்லாங்காட்டி எங்க வூட்டு வாசப்படி மிதிக்காத."

நான் உள்ளேயிருந்து கேட்டுச் சிரித்துக்கொண்டேன். கிழவருக்கு வேறு வேலையில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் விடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிடச் சீக்கிரமாக, விடிந்ததும் அடுப்பைப் பற்றவைக்க மண்டிக்குப் போனேன். உள்ளே நெடி அடித்தது. இவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் மாவிலைக் கொத்து. மஞ்சள் கரைத்த கோமியத்தைத் தொட்டுத் தொட்டு மேசைமேல் தெளித்துக்கொண்டிருந்தார். மூன்று குண்டுகளும் ஒரு கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்தன. விறகைப் போட்டுவிட்டு மேசையருகே போனேன்.

"ஐயோ, இன்னா காரியம் பண்றீங்க? பனாத்து பாழாப் போவுதுங்க."

"வாராவாரம் பண்றதுதான். நீ உன் வேலையைப் பாரு" என்றார்.

அங்கங்கே பனாத்து வெளுத்துச் சுருங்கியிருந்ததற்குக் காரணம் இதுதான். அதை விரித்துப் போட எத்தனை கெஞ்சிப் பெங்களூரிலிருந்து ஆள் கூட்டி வந்தோம். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. துணிக்காகத்தான் எரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொம்பைப் பிடுங்கிக் கொட்டாமல் புலம்பிக்கொண்டே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மேசையில் வந்த மாற்றம் ஆடுகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அடுத்த சனிக்கிழமை குண்டு நடுவில் போனதும் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மேஸ்திரி குனிந்து பனாத்தைத் தடவினார். "இன்னா சாமி, இங்க கறை பட்டிருக்குது?"

"கூரை ஒழுவுதுப்பா" என்றார் இவர், கண்ணைச் சிமிட்டாமல்.

"அடடா, நல்ல மேசையாச்சே" என்று மேஸ்திரி நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பின்வாசலில் ஆள் நிழல் தட்டியது. மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். தலையில் ஒரு கூடை நாட்டு ஓடு, தோளில் கயிறு. யாரும் கூப்பிடவில்லை, கூலி பேசவில்லை. கூரை ஒழுகுகிறது என்ற பொய்யை நம்பி, மேசை கெட்டுவிடக் கூடாதே என்று ஓடு மாற்ற வந்திருந்தார். உள்ளே என் வீட்டுக்காரர் சொம்பும் மாவிலையுமாகப் பாதித் தெளிப்பில் இருந்தார்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்கு உறைக்கவில்லை. மேஸ்திரி கூடையை மெதுவாக இறக்கி வைத்தார். மேசையைப் பார்த்தார், கிண்ணத்தில் ஊறிய குண்டுகளைப் பார்த்தார். அன்று அவர் சாமி என்று கூப்பிடவில்லை.

"நாங்க குடுத்த துட்டு மேலயும் தெளிச்சீங்களா?" என்று கேட்டார்.

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். ஓட்டுக் கூடை அங்கேயே கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் வழக்கம்போல மாவு கரைத்து வைத்தேன். யாரும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. சந்தைக்குப் போகிற கூட்டம் எங்கள் மண்டியைத் தாண்டும்போது தலையைத் திருப்பாமல் போனது. வைகாசி பிறந்துவிட்டது. பாக்கி கொஞ்சம்தான், நாலைந்து சனிக்கிழமை நடந்தால் கட்டிவிடலாம். நான் அவரை விடவில்லை. "நீங்களே போய்க் கூப்பிடுங்க. நானும் வரேன்" என்று இழுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அணைக்குப் போகிற வழியில், பாறைச் சரிவில் அவர்கள் குடியிருப்பு. நல்ல வெயிலில் நடந்து போனோம். மேஸ்திரி வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். பெரியவர்கள் பேச்சைத் தட்ட முடியவில்லை என்றார். இனிமேல் அப்படி நடக்காது என்றார். சிவப்புக் கயிற்றையும் அவிழ்த்துவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"வர்றோம். சனிக்கெழமையே வர்றோம். வெயில்ல வந்திருக்கிறீங்க, தண்ணி குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு பித்தளை லோட்டா நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. அதை என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. தங்களோடு குண்டாட்டம் ஆடச் சொல்லவில்லை, காலில் விழச் சொல்லவில்லை.

இவர் லோட்டாவைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கில் சொட்டியது. நான் அவர் முதுகுக்குப் பின்னால், "குடிங்க, என் தோப்புங்க" என்றேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமாக இல்லை.

"இப்பத்தான் மோரு குடிச்சுட்டு வந்தேன். தாகமா இல்ல" என்றார்.

லோட்டாவைப் பிடித்திருந்த கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு அந்த அம்மாள் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் திரும்பி நடந்தோம். சரிவு இறங்கி ரோட்டுக்கு வந்தால் ஒரு புளியமரம், அதன் அடியில் வண்டி மாடுகளுக்கென்று கட்டின தண்ணீர்த் தொட்டி. அங்கே இரண்டு மாடுகள் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் விறுவிறுவென்று போய், ஒரு மாட்டின் கழுத்தைத் தள்ளி ஒதுக்கிவிட்டு, தொட்டியில் குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தார். மூச்சு வாங்க நிமிர்ந்து, மறுபடியும் குனிந்து குடித்தார்.