நாலு மடிப்பு

தங்கை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிஃப்டுக்கு அரை மணி முன்னால். அக்கா அப்போதுதான் சீருடைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு ரோஷமே கிடையாதாக்கா? எல்லாரும் காறித் துப்புறாங்க, நீ துடைச்சுக்கிட்டு அடுத்த பாடம் எடுக்கப் போற. உன்கூட நடந்து வந்தாலே எனக்கு உடம்பு கூசுது."

"சாப்பிட்டுட்டுப் போடி."

"இனிமே இயேசுன்னு வாயைத் திறக்க மாட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பெட்டியை உள்ள வெச்சிடறேன்."

பொய் சொல்ல ஒரு நொடி போதும். அப்பா அம்மா போனபின், ஒன்பது வயதிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளை. இவளும் போனால் அந்த வீட்டில் ஏனென்று கேட்க ஆள் இல்லை. அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மட்டும் என்னால முடியாதுடி."

தங்கை படியிறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, விலகி, மறுபடி சேர வேண்டும். ஒரு விரிப்புக்கு நாலு மடிப்பு. நடுவில் கையை விட்டால் துணி தரையைத் தொடும். தொட்டால் திரும்பத் துவைக்கப் போட வேண்டும். ஆகவே எதிர்முனையில் நிற்பவர் எங்கேயும் ஓட முடியாது. அக்கா அந்த நேரம் பார்த்துத்தான் சொல்வாள். முதல் மடிப்பில், கடவுள் உன்னைத் தேடி வந்தார். இரண்டாவதில், உனக்காகச் செத்தார். மூன்றாவதில், உயிரோடு எழுந்தார். நான்காவதில், துணியை வாங்கி அடுக்கிக்கொண்டே, "இஷ்டமிருந்தா நம்பு. சொல்லாம விட்டாத்தான் என் தப்பு." நாலுமடிப்பு என்று அவளுக்குப் பேர் விழுந்தது இப்படித்தான்.

பதினோரு வருஷத்தில் ஒருத்தர்கூட நம்பவில்லை. சபையில் வருஷக் கடைசியில், யார் யார் எத்தனை பேரைக் கூட்டி வந்தார்கள் என்று பட்டியல் வாசிப்பார்கள். இவள் முறை வந்ததும் செயலாளர் கண்ணாடியை இறக்கி, "நம்ம அக்காவுக்கு வழக்கம்போலத்தானே?" என்பார். பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பு ஓடும். இவளுக்கு முதன்முதலில் இயேசுவைப் பற்றிச் சொன்னவர் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர். சொல்லிவிட்டுப் பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டார். இவள் நம்பியது அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது. பட்டியல் வாசிக்கும்போதெல்லாம் அக்கா அவரை நினைத்துக்கொள்வாள்.

ஒரு நாள், சலவைக்கு வெந்நீர் காய்ச்சும் பாய்லர்காரர் வந்து நின்றார். "மனசே சரியில்லக்கா. எனக்கும் சொல்லிக் குடுங்களேன்."

ஆறு வாரம், மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவர் இஸ்திரி மேஜைகளுக்கு நடுவே மண்டிபோட்டு, "நான் பாவிக்கா" என்று மார்பில் அடித்துக்கொண்டார். அக்கா அவர் தலையில் கைவைத்து ஜெபித்தாள். கண்ணீர் அவள் தாடையிலிருந்து அவர் சட்டையில் சொட்டியது. அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தாள்.

துணி அலமாரிகளுக்குப் பின்னாலிருந்து கைதட்டல் வெடித்தது. பதினைந்து பேர் இருப்பார்கள்.

"ஆறு வாரம் நடிச்சிருக்கேன்! யாராவது ஒரு மாலை போடுங்கய்யா!" என்று பாய்லர்காரர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். ஓரத்தில் நின்று அலைபேசியில் படம் பிடித்தது தங்கை. அவளாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்று அக்கா குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டு மிச்ச விரிப்புகளை அடுக்கினாள். வீட்டில் தங்கையிடம் ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை மதியம் பாய்லர் அறை வாசலில் போய் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை எங்க விட்டோம்?"

அந்த ஆள் ஒரு கணம் அசந்துபோனார். பிறகு சிரித்த சிரிப்பு இஸ்திரி மேஜை வரைக்கும் கேட்டது. தங்கையைப் பெட்டி கட்ட வைத்தது அந்தச் சிரிப்புதான்.

தங்கை மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த மாதமே மேற்பார்வையாளர் அக்காவைக் கூப்பிட்டார்.

"உங்க மேல புகார்மா. இனிமே அழுக்கு மூட்டை பிரிக்கிற அறைக்குப் போங்க. தனியாள் வேலை. ரத்தத் துணிகிட்ட சொல்லுங்க, குறுக்க பேசாம கேக்கும்."

எதிர்முனையைப் பிடிக்க ஆள் இல்லாத அறை. மூட்டையை உருட்டிக்கொண்டு வருபவர்கள் வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள். ஓடுகிறவர்களின் முதுகுக்கும் சொன்னாள். அலுவலகத்தில் முகவரி கேட்டு வாங்கி, தங்கைக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினாள். தலைவலி எப்படியிருக்கு, வேளைக்குச் சாப்பிடு, என்மேல் கோபம் போயிற்றா. கடைசிப் பத்தியில் அந்த நாலு வரி. உறைக்குப் பின்னால் 'அக்கா' என்று போட்டுத் தன் அலைபேசி எண். ஒரு வரி பதில் வராதா என்று தபால்காரரின் மணிச் சத்தத்துக்கெல்லாம் எழுந்து ஓடினாள். வரவில்லை.

ஒன்பது வருஷம் கழித்து, வேலை நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தாள்.

"கவர் பின்னாடி அக்கான்னு போட்டு இந்த நம்பர் இருந்துச்சு. உங்க தங்கச்சி குடியிருந்த வீட்டு ஓனரம்மா நான். மஞ்சள் காமாலையில அவங்க தவறி நாலு மாசம் ஆச்சு. சொந்தம்னு யாரும் இல்லைன்னு அவங்களே ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்திருந்தாங்க. நாங்களே அடக்கம் பண்ணிட்டோம். இப்ப ரூமைக் காலி பண்றோம். கட்டிலுக்கு அடியில பை நிறைய லெட்டர், கதவுக்குக் கீழ புதுசா நாலு. ஒண்ணுகூடப் பிரிக்கலை. அனுப்பவா, தூக்கிப் போடவா?"

அக்கா அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்தாள். நாலு மாதம். நாலு கடிதம் செத்தவளுக்கு எழுதியிருக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கோ என்று.

பாய்லர்காரர் வாசலைக் கடந்து போனார். "என்ன நாலுமடிப்பு, சிம்மாசனம் ஏறியாச்சா?"

அவள் ஒற்றை விரலால் தட்டத் தட்ட எழுத்து தப்பித் தப்பி விழுந்தது. அழித்து அழித்து எழுதி முடிக்க அரை மணி ஆயிற்று.

"அவளை அடக்கம் பண்ணினதுக்கு நீங்க நல்லா இருக்கணும்மா. அனுப்ப வேண்டாம். ஒண்ணை மட்டும் பிரிச்சு நீங்க படிங்க. கடைசிப் பத்தி போதும். அப்புறம் எல்லாத்தையும் தூக்கிப் போட்டாலும் சரி."