உப்பில்லாத கஞ்சி

எலியின் வாலில் மாட்டும் அந்தச் சின்ன ரப்பர் வளையம் இன்னும் என் விரல்களுக்குள் இருக்கிறது. மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பது ஒரு காலத்தில் என் வேலை. பிறவியிலேயே ரத்தக்கொதிப்புள்ள வெள்ளை எலிகள். பாதிக்கு உப்புக் கலந்த தீனி, மீதிக்குச் சாதாரணத் தீனி. வாலில் வளையம் மாட்டி அழுத்தம் பார்ப்போம். உப்புத் தின்றவற்றுக்கு அது ஏறிக்கொண்டே போனது. அவற்றில் ஒன்று ஒருநாள், ஒரு பக்கக் கால்கள் இழுத்துக்கொள்ள, கூண்டுக்குள் வட்டமாகவே சுற்றிச் சுற்றி வந்தது. செத்துப்போயிருந்த அம்மா நினைவுக்கு வந்தாள். கூடவே, அவளை வேலை வாங்கிய தோட்டத்துக் கங்காணியும் நினைவுக்கு வந்தார்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மழைக்காலம் முழுக்க அட்டை. பெண்கள் குனிந்து அட்டையைப் பிடுங்கும் நேரமெல்லாம் வேலை கெடுகிறதென்று கங்காணிக்கு எரிச்சல். உப்பேறிய ரத்தத்தை அட்டை தொடாது என்று அவராகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். காலையில் ஜீப்பில் ஏறுமுன் ஆளுக்கொரு சொம்பு கஞ்சி, நாக்கு சுருண்டுகொள்ளும் அளவுக்குக் கல்லுப்புப் போட்டு.

"எங்கள ஊறுகாயாவே போட்டுருங்க கங்காணியய்யா, வருசம் பூரா கெடாம இருப்போம்" என்பாள் அம்மா. அட்டைகள் வழக்கம்போலக் கடித்தன.

ஆஸ்பத்திரியில் பிரஷர் என்றார்கள். உப்பை விடச் சொன்னார்கள். அம்மா சொம்பைத் தள்ளிவைத்தாள். "டாக்டரா வந்து காய் எடுப்பாரு? குடிச்சா ஏறு ஆத்தா, இல்லாட்டி வீட்டப் பாத்துப் போ" என்றார் கங்காணி. குடித்தாள். அந்த மழையிலேயே ஏலச்செடிகளுக்கு நடுவே விழுந்தாள். வலக்கை விளங்காமல் போனது, வாய் கோணியது. ஊட்டிய கஞ்சி கடைவாயில் வழிய வழிய, பேச்சில்லாமல் மாதக்கணக்கில் கிடந்தே போய்ச்சேர்ந்தாள்.

இப்போது போடியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். கங்காணிக்கும் பிரஷர். அடுத்த தெருவில் தனியாளாக இருக்கிறார். திருப்பூரில் இருக்கும் அவர் மகள் போனில் கேட்டாள்: "அண்ணே, அப்பாவுக்கு நீங்கதான் சாப்பாடு குடுக்கணும். உப்பு மட்டும் வேணாம்."

போனை வைத்ததும் என் கை உப்பு ஜாடிக்குத்தான் போனது. உப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு கையை எடுத்துவிட்டேன். இரக்கத்தால் அல்ல. அந்த எலி சீக்கிரமே செத்துப்போனது. கங்காணியை அவ்வளவு வெரசா விட எனக்கு மனமில்லை.

"அப்பு, ஒரே ஒரு கல்லு போடு. மண்ணத் திங்கிற மாதிரி இருக்கு" என்று, வேளாவேளைக்கு நான் கொண்டுபோகும் தட்டைப் பார்த்துக் கெஞ்சுகிறார்.

"சாப்புடுங்கய்யா. நீங்க நல்லா இருக்கணும்."

அவர் சாப்பிட ஆரம்பித்ததும் எதிரில் உட்கார்ந்து அம்மாவின் கடைசி மாதங்களைச் சொல்கிறேன், ஒரு வேளைக்கு ஒரு நாளாக. முழங்கால் விட்டுப்போனதால் அவரால் எழுந்து போக முடியாது. அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது என்று நேற்று நர்ஸ் சொன்னார். நெடுநாள் இருப்பார். சொல்வதற்கு என்னிடமும் நிறைய இருக்கிறது.