பிச்சருக்கு ஓர் அர்ச்சனை

அந்தப் புரட்டாதி மாதம் எங்கள் ரொறொன்ரோ பேஸ்போல் அணிக்கு ஒரு விசித்திரமான வருத்தம் பிடித்திருந்தது. உள்ளூரில் விளையாடினால் பந்தெறிகிற பிச்சர்கள் எல்லாரும் சிங்கங்கள். விமானம் ஏறி அமெரிக்கப் பக்கம் இறங்கிவிட்டால் பந்து எங்கே போகும் என்று எறிகிறவனுக்கே தெரியாது. பிளேஓஃப் என்கிற கடைசிச் சுற்றுக்குள் நுழையக் கொஞ்ச ஆட்டங்கள்தான் மிச்சம். அவற்றிலும் முக்கால்வாசி வெளியூரில்.

இதற்குக் காரணம் கண்டுபிடித்தவர் என் மனைவி.

"உதுகளுக்கு அங்கை ஒழுங்கான சாப்பாடு இல்லையப்பா. ஹோட்டல் சாப்பாட்டைத் திண்டுபோட்டு என்னெண்டு எறியிறது?"

"அப்ப நீர் புட்டு அவிச்சுக் குடுத்துவிடுமன்," என்றேன்.

முறைத்தார். முறைப்புக்குக் காரணம் பேஸ்போல் அல்ல. எங்கள் மகள் ஆடி மாதம் வேலை கிடைத்து அமெரிக்காவில் பொஸ்ரனுக்குப் போயிருந்தாள். வேலை பிடிக்கவில்லை, ஊர் பிடிக்கவில்லை, பேச ஒரு ஆள் இல்லை. போன் எடுத்தால் அழுகை. இந்த மாதம் முடியட்டும், சரிவராவிட்டால் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். அவள் நின்றுபிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. மனைவியின் ஆசை என்னவென்று நான் கேட்கவில்லை. மல்வேர்னில் எங்கள் வீட்டில் மகளின் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்தாகிவிட்டது.

வேலையைப் பற்றிக் கேட்டால் அழுகிற பிள்ளை, பேஸ்போலைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசினாள். ஆகவே மனைவி ஆட்டம் பார்க்கப் பழகினார். ஒரு பிச்சரைத் தத்தெடுக்கவும் செய்தார். உள்ளூரில் ராசா, வெளியூரில் பரிதாபம். கமரா அவனுக்குக் கிட்டப் போகும்போதெல்லாம், "பாவம், நல்லா மெலிஞ்சு போனான்," என்பார். அவன் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அளவு இருந்தான்.

அணி பொஸ்ரனுக்குப் போனது. சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். எறியப்போவது அவன். கூட வேலை செய்கிறவர்கள் வற்புறுத்தியதால் மகளும் மைதானத்துக்குப் போகிறாளாம். காலையில் மனைவி கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன்.

தட்டை வாங்கிய ஐயர் பெயர் கேட்டார். மகளின் பெயர்தான் வரும் என்று நின்றேன். வந்தது பிச்சரின் பெயர். ஐயர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன்.

"நட்சத்திரம்?"

மனைவி ஒரு கணமும் யோசிக்கவில்லை. "உத்தரட்டாதி."

அது மகளின் நட்சத்திரம். ஐயர் அந்த ஸ்பானியப் பெயரைத் துண்டு துண்டாக உடைத்து, சமஸ்கிருதத்துக்குள் செருகி, மணியைக் கொஞ்சம் பலமாகவே அடித்து ஒருமாதிரி ஒப்பேற்றிவிட்டார்.

"பேர் அவன்ரை, நட்சத்திரம் பிள்ளையின்ரை," என்றேன் காரில். "பிள்ளையார் ஆரெண்டு எடுக்கிறது?"

"கதையாமல் ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ."

ஆட்டம் தொடங்கியது. பந்தைத் தொடர்ந்து கோணலாக எறிந்தால் அடிக்க நிற்பவன் சும்மா நடந்தே பேஸ் எனப்படும் முதல் தளத்துக்குப் போய்விடலாம். அவன் அப்படி மூன்று பேரை நடக்கவிட்டான். நாலாவது ஆள் பந்தை மதிலுக்கு வெளியே அனுப்பினான். நடந்தவர்களும் அடித்தவனும் உலாப் போவதுபோல ஓடி முடித்தார்கள். பயிற்சியாளர் வந்து பந்தை வாங்கிக்கொண்டு அவனை வெளியே அனுப்பினார். கிரிக்கெட் என்றால் பாவம் பார்த்து எல்லைக்கோட்டிலாவது நிற்க விடுவார்கள்.

"உம்மடை அர்ச்சனை நல்லா வேலை செய்யுது," என்றேன். மனைவி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

போன் அடித்தது. மனைவி ஓடிவந்து எடுத்தார். திரையில் மகள். எங்கள் அணியின் நீலச் சட்டை. அவளைச் சுற்றி எதிரணிச் சட்டைக்காரப் பெண்கள், கூச்சல், சிரிப்பு.

"அம்மா! உங்கடை ஆளை அடிச்சுக் கலைச்சிட்டாங்கள்! தே ஆர் மேக்கிங் ஃபன் ஒஃப் மீ!" அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம். "நாளைக்கு இவையள் எல்லாரும் என்ரை வீட்டை சாப்பிட வருகினம். கோழிக்கறிக்கு என்ன தூள் போடுறது?"

"நான் கட்டித் தந்துவிட்ட கறித்தூள் எங்கை?"

"இருக்கு. இன்னும் உடைக்கேல்லை. திரும்பி வரப்போறன்தானே எண்டு..."

மனைவி மகளின் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"உடை, பிள்ளை," என்றார்.

போனை வைத்த பிறகு கேட்டேன்: "பிள்ளையாரிட்டை என்னத்தைக் கேட்டனீர்?"

"வெளியூரிலை காலூண்டி நிக்கோணும் எண்டுதான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அந்த அறுவானின்ரை நட்சத்திரத்தைத் தேடிப் பிடிச்சுச் சொல்லியிருக்கலாம்."